சம்பளம் மாறாவிட்டாலும் சாப்பாட்டை மாற்றலாம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நல்ல சாப்பாடாச் சாப்பிடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்குக் காசு யாரு கொடுக்கறது?" இனிப்புநீர், இரத்த அழுத்தம், உடல் பருமன் என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். அதில் நியாயமும் இருக்கிறது. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பழுப்பு அரிசி, சால்மன் மீன் என்று நீளும் பட்டியலைப் பார்த்தால் மாதச் சம்பளக்காரருக்குத் தலை சுற்றும். ஆரோக்கியம் என்பது பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்ற எண்ணம் அங்கேதான் வேர் விடுகிறது.

ஆனால் நோய் பணக்காரர் வீட்டைத் தேடிப் போவதில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். அதே ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதுமான அளவு காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னது.

இனிப்புநீர் முற்றினால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கும். சிறுநீரகம் பழுதானால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. சம்பாதிக்கும் ஒருவர் அப்படிப் படுத்தால் அந்தக் குடும்பத்தின் பட்ஜெட் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தோட்டத்துச் சோறு, நகரத்து நாற்காலி

நம் தாத்தா, பாட்டி சோறுதானே சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஏன் இந்த நோய் இவ்வளவு இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டப் போனார்கள். மேடு பள்ளம் ஏறி இறங்கி, வாளி சுமந்து, மதியம்தான் உட்கார்ந்தார்கள். வீட்டு ஓரத்தில் முருங்கை மரம் நின்றது. கீரையும் பருப்பும் கருவாடும்தான் கறி. இறைச்சியும் இனிப்பும் பெருநாளுக்குத்தான்.

தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகு முருங்கை மரம் போய்விட்டது, உடலுழைப்பும் போய்விட்டது. சோற்றின் அளவு மட்டும் தட்டில் அப்படியே தங்கிவிட்டது. அதன் மேல் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பாக்கெட் பானமும் வந்து சேர்ந்துகொண்டன.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கிள்ளான் பக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கணவர் லாரி ஓட்டுகிறார். மனைவிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம். வாடகை, பள்ளி வேன், மோட்டார் தவணை எல்லாம் போக மிச்சத்தில்தான் சமையல்.

ஒருநாள் அரசாங்க கிளினிக்கில் அந்தத் தாய்க்கு இனிப்புநீர் என்று சொல்லிவிடுகிறார்கள். சாப்பாட்டை மாற்றச் சொல்கிறார் தாதி. வீட்டுக்கு வந்தவர், "எனக்கு மட்டும் தனியா ரெண்டு சப்பாத்தி போட்டுக்கறேன்" என்கிறார். அநேகமான வீடுகளில் நடப்பது இதுதான். அம்மாவுக்கு மட்டும் பத்தியம், மற்றவர்களுக்குப் பழைய சமையல். இரண்டு அடுப்பு, இரட்டைச் செலவு. இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் அவரும் பழையபடி சோற்றுக்கே திரும்பிவிடுவார். இனிப்புநீர் பரம்பரையிலும் தொடரக்கூடியது. அம்மாவுக்கு நல்லதாக இருக்கும் சாப்பாடு பிள்ளைகளுக்கும் நல்லதுதான். ஆகவே மாறினால் குடும்பமாக மாற வேண்டும். அதுதான் சிக்கனமும் கூட.

முதலில் மாற்ற வேண்டியது தட்டு அல்ல, கிளாஸ்

இந்தக் குடும்பம் குடிப்பதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மாதம் 500 கிராம் டின் பால் பத்து, ஒரு டின் 4 வெள்ளி என்றால் 40 வெள்ளி. சீனி நான்கு கிலோ, கிலோ 2 வெள்ளி 85 காசு என்றால் 11 வெள்ளி 40 காசு. கணவர் கடையில் குடிக்கும் தே தாரிக் ஒரு நாளைக்கு இரண்டு. 2 வெள்ளி 50 காசு வீதம் 26 நாளைக்கு 130 வெள்ளி. பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி நாட்களில் ஆளுக்கு ஒரு பாக்கெட் பானம், ஒன்றரை வெள்ளி வீதம் 20 நாளைக்கு 60 வெள்ளி. கூட்டினால் 241 வெள்ளி 40 காசு. இவ்வளவும் இனிப்புத் தண்ணீருக்கு!

உடம்பின் கணக்கு இதைவிட மோசம். இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். பத்து டின்னில் இரண்டரை கிலோ, தனியாக வாங்குவது நான்கு கிலோ, ஆக ஆறரை கிலோ. ஐந்து பேருக்கு 30 நாளைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 கிராம். கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி. கடையில் குடிப்பது இதில் சேராது. உலகச் சுகாதார நிறுவனம், சராசரியாகச் சாப்பிடும் ஒரு பெரியவருக்குச் சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 

கணவரிடம் "இனிமே தே தாரிக்கே குடிக்காதீங்க" என்றால் சண்டைதான் வரும். "என்னங்க, ரெண்டுல ஒண்ணை மட்டும் விட்டுடுங்களேன். அந்த ஒண்ணையும் கூராங் மானிஸ்னு சொல்லிக் குடிங்க" என்றால் யோசிப்பார். பிள்ளைகள் கையில் தண்ணீர் போத்தல். டின் பாலும் சீனியும் பாதிப் பாதி. கணவரிடம் 65 வெள்ளி, பிள்ளைகளிடம் 60 வெள்ளி, டின் பாலில் 20 வெள்ளி. மொத்தம் 145 வெள்ளி மிச்சம். வீட்டுச் சீனியும் ஆளுக்கு 22 கிராமுக்கு இறங்கிவிடும். சம்பளம் ஒரு காசு கூடவில்லை. நல்ல சாப்பாட்டுக்கான பணம் கிளாஸிலிருந்தே வந்துவிட்டது.

சீனிக்குப் பதில் தேன், கூலா மெலாகா, கருப்பட்டி என்று மாற்றிக்கொண்டு நிம்மதியடைபவர்களும் இருக்கிறார்கள். உடம்புக்கு அதுவும் சீனிதான். விலைதான் கூடுதல்.

அந்த 145 வெள்ளி எங்கே போக வேண்டும்?

வாரத்துக்கு 36 வெள்ளி. அதில் கங்கோங், சாவி, பாயாம் என்று ஆறு கட்டு கீரை, நான்கு தெம்பே, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பப்பாளி வாங்கலாம். பாசார் தானியிலும், இரவுச் சந்தை மூடும் நேரத்திலும் இன்னும் கொஞ்சம் குறைத்து வாங்கலாம். தவ்கே, முள்ளங்கி, கோஸ், பூசணி எல்லாம் மலிவாகக் கிடைக்கும் நல்ல காய்கள். முருங்கைக்கீரையைப் பக்கத்து வீட்டில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

புரதச் சத்துக்குக் கோழியும் இறாலும்தான் என்றில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம். பருப்பும் பயறும் அதற்குக் குறைந்தவை அல்ல. மீனில் கெம்போங் போதும். நம் பெரியவர்கள் கானாங்கெளுத்தி என்பார்களே, அதுதான். சால்மன் மீனைத் தேட வைக்கும் நல்ல கொழுப்பு இதிலும் இருக்கிறது. மாதக் கடைசியில் டின் சார்டின் கை கொடுக்கும். அதில் உப்பு அதிகம் என்பதால் சமைக்கும்போது தனியாக உப்புப் போட வேண்டாம்.

அரிசியின் நிறத்தை விட அளவு முக்கியம்

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்லி வருவது பலருக்கும் தெரியும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறி, பழம். நம் வீட்டுத் தட்டில் பெரும்பாலும் முக்கால் பங்கு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய். ஒரே நாளில் தலைகீழாக மாற்றினால் யாருக்கும் வயிறு நிறையாது. முதல் வாரம் ஒரு கரண்டி சோறு குறைந்து ஒரு கரண்டி காய் கூடட்டும். அடுத்த வாரம் இன்னொன்று. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியபோது குடும்பங்கள் பட்ட பாடு மறந்திருக்காது. சோறு குறைந்தால் அரிசிச் செலவும் குறையும்.

"வேலைக்குப் போற ஆளுக்கு இந்தச் சோறு எப்படிம்மா பத்தும்?" என்று பாட்டி கேட்பார். அவருக்கு அது அக்கறை. சோறு போடுவதில்தான் அன்பைக் காட்டி வளர்ந்த தலைமுறை. "அத்தை, நீங்க வைக்கிற முருங்கைக்கீரை பருப்புக் கூட்டு யாருக்கும் வராது. வாரத்துல ரெண்டு நாள் வச்சுக் கொடுங்களேன்" என்று அவரையே பொறுப்பாக்கிவிட்டால் எதிர்ப்பு ஒத்தாசையாக மாறும். பிள்ளைகள் கீரையைப் பார்த்து முகம் சுளித்தால் திட்ட வேண்டாம். முட்டையில் கலந்து பொரித்தும், அடையில் போட்டும், பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நாக்கு பழகிவிடும்.

எண்ணெயும் உப்பும்

மாதம் ஐந்து கிலோ எண்ணெய் ஆகும் வீட்டில் ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 கிராம். சுமார் 300 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும்! பாக்கெட்டிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். மீனை வாரம் முழுதும் பொரிக்காமல் இரண்டு நாள் புளிக்குழம்பு, ஒரு நாள் அவியல் என்று மாற்றலாம். தேங்காய்ப்பாலைப் பாதியாக்கி, மசித்த பருப்பால் குழம்பைக் கெட்டியாக்கலாம்.

உப்பு ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப் மூன்று நான்கும் ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் கணக்கு தாண்டிவிடும். ஒரு வேளைக்கு ஒன்று போதும்.

சறுக்கும் இடங்கள்

மாதக் கடைசியில் பணம் தீர்ந்து பாக்கெட் மீயைத் தேடும் நாள் வரும். ஷிப்ட் முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைக்கக் கூடத் தெம்பில்லாத இரவு வரும். அன்றைக்கு அந்த மீயில் மசாலாத் தூளைப் பாதி போட்டு, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி சாவியும் சேர்த்தால் போதும். குற்ற உணர்ச்சி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பருப்பு வேக வைத்து, காய் நறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்தால் இப்படிப்பட்ட நாட்கள் குறையும். அந்த வேலையைக் கணவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நோய் வந்தவரே தனியாக நின்று வீட்டையும் திருத்த வேண்டும் என்பது அநியாயம்.

உதவி கேட்பதிலும் வெட்கம் வேண்டாம். சாரா உதவித்தொகை மைகாட்டில் வந்தால், முதலில் அரிசி, முட்டை போன்றவற்றுக்குச் செலவிடுங்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. துணை உணவுத் திட்டம் இருக்கிறது. வருமானம் குறைவென்றால் பள்ளியில் கேளுங்கள்.

முக்கியமான ஓர் எச்சரிக்கை. இனிப்புநீருக்கு இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தக் கூடாது. சர்க்கரை அளவு மிகவும் இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையும் வாழைப்பழமும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாடு மாறியதால் மருந்தை நீங்களாகவே விட்டுவிடவும் வேண்டாம்.

அந்தத் தாய் மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனைக்குப் போவார். எச்.பி.ஏ.1சி என்ற அந்தச் சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. மூன்று மாதமும் வீட்டில் என்ன சமைத்தார்கள், கடையில் என்ன குடித்தார்கள் என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணில் தெரிந்துவிடும்.

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் பெரும்பகுதி மூலிகையைப் பேசவில்லை, அளவறிந்து சாப்பிடுவதைத்தான் பேசுகிறது. நேயர்கள் இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, வீட்டில் ஏழு நாளைக்கு இனிப்புப் பானத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று எழுதி, ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். வாரக் கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். அதில் பாதியைச் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போவதா இல்லையா என்பதை அப்போது வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.