மீதியை வெள்ளித்திரையில் காண்க

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“சினிமாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுப்பா” என்று செயலாளர் சொன்னார். “ஏன், நான்தான் கிடைச்சேனா?” என்றேன். “விடுதியிலிருந்து நீ போன இரண்டாம் ஆட்டத்துக்கு வேற யாரு பேசறது?” என்றார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. கட்-அவுட்டுக்குப் பாலூற்றும் தீவிர ரசிகனும் இல்லை. படம் வந்தால் பார்ப்பேன், பிடித்தால் நாலு நாள் பாட்டை முணுமுணுப்பேன், அவ்வளவுதான். இந்த அரங்கில் முக்கால்வாசிப் பேர் என் கட்சிதான் என்று நினைக்கிறேன். அந்தச் சாதாரண ரசிகனின் சார்பில் பேசுகிறேன்.

தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்களே, ஞாபகம் இருக்கா? மட்டமான தாளில் சில பக்கங்கள். நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பிறகு பாட்டு. அந்தக் கதைச்சுருக்கம் எழுதியவர் பெரிய சாமர்த்தியசாலி. கதாநாயகனை ஜெயிலில் தள்ளுவார், கதாநாயகியை வில்லனிடம் மாட்டிவிடுவார், அந்த இடத்தில் கையைக் கழுவிவிட்டு, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று போட்டுவிடுவார்.

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த வரிக்கு இன்று வேறு அர்த்தம் வந்துவிட்டது. தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. தமிழோடு தெலுங்கும் கலந்து பேசிய படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் ‘கீசகவதம்’, அதுவும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். சும்மா வைத்திருந்தாலும் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். ஓடி முடித்த பிரதிகளிலிருந்து வெள்ளியைப் பிரித்து விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான். அதற்குள் போனது போனதுதான்.

ஆக, எத்தனையோ பழைய படங்களின் மீதியைக் காண வெள்ளித்திரையில் ஒன்றுமில்லை. கிடைத்தால் ஒரு நோட்டீஸ், நாலு போட்டோ, ஒரு பாட்டுப் புத்தகம். அதையாவது யார் காப்பாற்றினார்கள்? படம் எடுத்தவர்களை விட, காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் அச்சடித்த தாள்களைச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்புதான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் படத்துக்குப் படம் போட்டோவும் விவரமும் சேர்த்தார். அதைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது.

“தாத்தா, இப்ப எல்லாம் யூட்யூப்ல இருக்கு” என்கிறாள் என் பேத்தி. வாஸ்தவம். நானும் அதில்தான் பார்க்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் மட்டுமா சினிமா? டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடையாக்கி உட்கார்ந்தோமே, முன்னால் இருப்பவர் சண்டைக்கு வந்தாரே, அது எங்கே இருக்கிறது? வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு, பார்க்காத படத்துக்கு நாமே முகம் கொடுத்தோமே, அது? வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் டிவி இருந்த வீட்டுத் திண்ணை நிரம்பியதே, ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு கேசட்டுக்காக நடையாய் நடந்தோமே, அதெல்லாம்? மதுரை தங்கம் தியேட்டர் 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்தது, இன்று இடித்தாகிவிட்டது. படம் இருக்கிறது. பார்த்த இடம் இல்லை. பார்த்த நாம் இன்னும் கொஞ்ச காலம் இருப்போம்.

நம் வகுப்பில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நம்மை விட்டுப் போனார். துக்கம் கேட்கப் போனபோது, “அண்ணா, அவர் சேர்த்த பாட்டுப் புத்தகம் ரெண்டு டிரங்குப் பெட்டி இருந்தது. வீடு மாறும்போது பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுட்டோம்” என்றார் அவர் மனைவி. ஒரே ஒரு நோட்டு மட்டும் தப்பியிருந்தது. காரணம், அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருந்தார்கள்.

முன்பக்கத்தில் நம் விடுதிக் காலம். படம், தியேட்டர், டிக்கெட் விலை, கூட வந்தவர்கள். 1980-இல் ஒரு வரி: “ஒருதலை ராகம். நாலாம் தடவை. இனி பார்ப்பதில்லை என்று சத்தியம்.” அடுத்த வரி: “ஒருதலை ராகம். ஐந்தாம் தடவை.” சத்தியம் செய்தவரும், செய்ய வைத்தவரும் யார் யார் என்று மூன்றாவது வரிசைக்குத் தெரியும். 1979-இல் இன்னொரு வரி: “உதிரிப்பூக்கள். இரண்டாம் ஆட்டம். ஐந்து பேர். விடுதிக்குத் திரும்பி வரும் வரை யாரும் பேசவில்லை.”

அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். அந்த மௌனம் எனக்கு மறந்தே போயிருந்தது. மகேந்திரனின் படத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரை வந்திருக்கிறது. அது புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் ஐந்து பையன்கள் பேசாமல் நடந்து வந்ததை ஒரு சாதாரண ரசிகன்தான் எழுதி வைத்தான்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. பரணில் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், டிக்கெட் துண்டு எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி கேட்கலாம். அவர்களால் முடியாவிட்டால் ஆராய்ச்சி நூலகங்களில் விசாரிக்கலாம். ஒன்றுமே இல்லாதவர்கள் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தப் படம், எந்த தியேட்டர், யாரோடு, திரும்பும்போது என்ன பேசினீர்கள். விமர்சனம் வேண்டாம், ஸ்டார் மதிப்பெண் வேண்டாம். அடுத்த மலரில் போட்டுவிடலாம். செயலாளர் தலையாட்டுகிறார், நீங்களே சாட்சி.

நண்பரின் நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. பாதிப் பக்கம் இன்னும் காலி. மீதியை வெள்ளித்திரையில் தேட வேண்டாம், நீங்கள் எழுதுங்கள்.