ஐந்து அடுப்பு மலையில் கற்ற பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சென்ற அக்டோபரில் நம் கூட்டமைப்பிலிருந்து 11 உறுப்பினர்களும் நானும் உத்தரகண்ட் மாநிலத்துக்குக் கண்டுணர் பயணம் போய் வந்தோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "மலை உச்சியில நின்னு என்ன பார்த்தீங்க?" என்று வாசலிலேயே ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். நான் உச்சிக்குப் போகவில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு நிற்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். பித்தோராகட் மாவட்டத்தில் முன்சியாரி என்று ஓர் ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். நம் ஊட்டி உயரம்தான். ஆனால் ஊட்டியில் நின்று பார்த்தால் பனிமலை தெரியாது. இங்கே கீழே கோரி கங்கை ஆறு ஓடுகிறது, எதிரே பஞ்சசூலி என்ற ஐந்து பனிச் சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் உயரமானது 6,904 மீட்டர். காத்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஜீப்பில் ஒரு முழுப் பகல் வளைந்து வளைந்து போக வேண்டும். நம்மில் பாதிப்பேர் வாந்தி எடுத்தோம். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பஞ்சசூலி என்றால் ஐந்து அடுப்பு என்று பொருள். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் புறப்படும் முன் கடைசியாகச் சோறு சமைத்த அடுப்புகள் அவை என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் நம் உறுப்பினர் ஒருவர், "அஞ்சு பேருக்கும் ஆக்கிப் போட்டது யாரு? திரௌபதிதானே! அவ பேர்ல ஒரு அடுப்புகூட இல்லையா?" என்று கேட்டார். ஜீப் ஓட்டியவருக்கு இந்தியில் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்த மலை நடந்தே பிழைத்த மக்களின் மலை. 1962 சீனப் போர் வரைக்கும் அங்குள்ள ஷௌகா மக்கள் ஆட்டின் முதுகில் தானியம் ஏற்றிக்கொண்டு, கணவாய் தாண்டி, திபெத்துக்குப் போய் உப்பும் கம்பளியும் வாங்கி வந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் மிலாம் கிராமத்தில் பிறந்தவர்தான் நைன் சிங் ராவத். 1865, 66-ம் ஆண்டுகளில் மாறுவேடத்தில் லாசா வரைக்கும் நடந்து, வழி முழுக்கக் காலடியாலேயே அளந்தவர். நூறு அடிக்கு ஒரு மணி என்று ஜெபமாலையை உருட்டி எண்ணினார். ஜெபமாலையில் 108 மணி இருக்கும் அல்லவா? கணக்குத் தப்பாமல் இருக்க அவர் மாலையில் 100 மணிதான் வைத்திருந்தார்கள்! 1877-ல் லண்டனில் உள்ள ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

நாங்கள் தங்கியது பக்கத்தில் உள்ள சர்மோலி கிராமத்தில். அங்கே லாட்ஜில் தங்கவில்லை, பெண்களின் வீட்டிலேயே தங்கினோம். 1990-களில் சாராயத்தையும் வீட்டு வன்முறையையும் எதிர்த்து அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். சங்கத்தின் பெயர் 'மாட்டி', அவர்கள் மொழியில் மண் என்று பொருள். 2004-ல் வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, பயணிகளைத் தங்கவைத்துச் சாப்பாடு போடும் தொழிலைத் தொடங்கினார்கள். 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் சர்மோலியை நாட்டின் சிறந்த சுற்றுலா கிராமமாகத் தேர்ந்தெடுத்தது.

இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. உத்தரகண்டில் வன பஞ்சாயத்து என்று ஓர் ஏற்பாடு 1931 முதல் உண்டு. ஊர்க்காட்டை ஊரே நிர்வாகம் செய்யும். புல் எப்போது அறுக்கலாம், விறகு எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். சர்மோலியில் வீட்டுத் தங்கல் நடத்தும் பெண்கள் அந்தக் காட்டைக் காக்கும் வேலையிலும் சேர வேண்டும். காடு போனால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் பயணி எதற்கு வருவார்? காட்சி இலவசம்தான் அக்கா, ஆனால் அதைக் காப்பாற்ற ஆள் வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு மண்டுவா ரொட்டி போட்டார்கள். பார்த்தால் நம் கேழ்வரகு! "இதுக்கா ரெண்டாயிரம் கிலோமீட்டர் வந்தோம்?" என்று ஒருவர் கேட்டார். ஆனாலும் எல்லோரும் ரெண்டு ரெண்டு ரொட்டி சாப்பிட்டோம்.

சரி, இப்போது மலைக்கு வருகிறேன்.

மறுநாள் காலை கலியா டாப் என்ற இடத்துக்கு நடை. உயரம் சுமார் 3,500 மீட்டர். பலாட்டி வளைவு என்ற இடத்தில் ஜீப் இறக்கிவிடும். அங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். முதலில் காடு, காடு முடிந்ததும் மரமே இல்லாத புல்வெளி. அதை அங்கே புக்யால் என்பார்கள். அந்த மேட்டில் நின்றால் ஐந்து அடுப்பும் ஒரே வரிசையில் தெரியும். கிராமத்துப் பெண்கள் இரண்டு பேர் வழிகாட்டியாக வந்தார்கள்.

எங்களில் ஓர் அக்கா, வயது 46. பெயர் வேண்டாம், அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். விறகுச் சுமையோடு மலை ஏறி இறங்கிப் பழகியவர். "நீங்கள்லாம் உட்கார்ந்துட்டாலும் நான் போயிருவேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஒரு மணி நேரத்தில் வாய் பேசாமல் நடந்தார். கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம்" என்றார். பாதி வழியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். எழுந்தபோது கால் தள்ளாடியது.

வழிகாட்டிப் பெண் அவர் முகத்தைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "திரும்பணும்" என்றார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெதுவா கூட்டிட்டுப் போவோம்" என்றேன். சமூகப்பணி படித்தவள், உங்களுக்கு ஆரோக்கியப் பயிற்சி நடத்துகிறவள் நான்! அறிக்கையில் '11 பேரும் உச்சி அடைந்தனர்' என்று எழுதும் ஆசை எனக்கு. அந்தப் பெண் அசையவில்லை. "கீழே போனால் நான் பொறுப்பு. மேலே போனால் நான் பொறுப்பில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மற்ற பத்துப் பேரும் இன்னொரு வழிகாட்டியோடு மேலே போனார்கள். அக்காவும் நானும் அந்தப் பெண்ணும் இறங்கினோம். இறங்க இறங்க அக்காவுக்கு முகம் தெளிந்தது. கீழே வந்து உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். முதல்நாள் ராத்திரியே தலை பிளந்ததாம், தூக்கமே இல்லையாம். "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். "கூட்டமைப்புப் பணத்துல வந்திருக்கேன். பாதியில திரும்பினா, இவளுக்கு எதுக்குப் பயணம்னு கேக்க மாட்டாங்களா? எங்க வீட்டுலயும் அதையேதான் சொல்லி அனுப்பினாங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். ரெண்டு வருஷமாகவே படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். யாரிடமும் சொல்லவில்லை.

மலை மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 3,500 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். சுமக்கிற ஆளும் குறைவு, சரக்கும் குறைவு என்றால் உடம்பு என்ன செய்யும்?

உயரமான மலைக்குப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியவை:

1. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் மலை நோய் வரலாம். உடல்பலம் உள்ளவர்க்கு வராது என்பதில்லை.

2. தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வு எடுக்க வேண்டும்.

3. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உயிருக்கு ஆபத்து. உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது.

4. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது.

5. தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி சொல்வதற்கு மறுபேச்சு கூடாது. இது எனக்கும் சேர்த்து.

தவறு அந்த அக்காவுடையது அல்ல. எல்லோரிடமும் அடையாள அட்டை நகல் வாங்கினேன், போட்டோ வாங்கினேன், ஒப்புதல் கடிதம் வாங்கினேன். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. "முடியலன்னா சொல்லுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது என் தவறு. ஆகவே இந்தப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கேட்கிறேன். இனி எந்தப் பயணம் என்றாலும் புறப்படும் முன் உடல் பரிசோதனை. பயணம் போகாதவர்களுக்கும், எல்லாக் குழுக்களிலும், இந்த மாதமே ஹீமோகுளோபின் பரிசோதனை. அந்த அக்கா இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற வாரம் 10.4.

அன்று சாயங்காலம் வீட்டு முற்றத்தில் அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்க இறங்க ஐந்து சிகரமும் நெருப்பு மாதிரி சிவந்தன. அடுப்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. "மேலே போனாத்தான் தெரியும்னு நினைச்சேன். இங்கேயே தெரியுதே!" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை ரத்தம் ஏத்திக்கிட்டு வர்றேன், அப்ப உச்சிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவோ மலை ஏறிவிட்டோம். ஒரு நாளாவது பார்ப்பதற்காக ஏறுவோம். முடியவில்லை என்றால், "முடியல" என்று வாய்விட்டுச் சொல்லுவோம். தீர்மான நோட்டு மேசையில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.