கண்ணாடியில் தங்கிய முகங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் முடித்துவிட்டுச் சிவகாசியில் அச்சு மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். மேடைப் பேச்சு எனக்கு வராது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

விருதுநகரில் அம்மா வழிப் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஏழு கண்ணாடி நெகட்டிவ்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் எடுத்தவை. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்ததும் பெரியம்மா சொன்னார்: "பாம்படம் போட்டிருக்கில்ல, அது எங்க அப்பத்தாடா. உனக்குப் பூட்டி. வேற போட்டோவே கிடையாது."

தூசியாக இருக்கிறதே என்று சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கண்ணாடிதானே என்ற நினைப்பு. கொஞ்ச நேரத்தில் மேலிருந்த படலம் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. கையில் மிஞ்சியது சுத்தமான வெறுங் கண்ணாடி. பெரியம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அப்புறம்தான் படித்தேன். 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட முறையில், தட்டு ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். 1871-ல் மேடாக்ஸ் என்ற டாக்டர் ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து உலர் தட்டுக்கு வழி காட்டினார். பின்னர் தட்டுகள் தயாராகவே பெட்டியில் விற்பனைக்கு வந்ததால் சின்ன ஊர்களிலும் ஸ்டூடியோ நடத்த முடிந்தது. ஆக, முகம் இருப்பது கண்ணாடியில் அல்ல, அதன்மேல் ஒட்டியிருக்கும் ஜெலட்டினில். பழைய ஜெலட்டின் தண்ணீர் குடித்தால் ஊதிக் கழன்றுவிடும்.

ஃபிலிம் வந்தபின் எத்தனையோ தட்டுகள் சுரண்டப்பட்டு, படங்களுக்குச் சட்டம் போடும் கண்ணாடியாக விலை போயின. மிச்சம் இருப்பதைக் காக்க 2010-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார்கள்.

நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழில் நடத்தக் கைகொடுத்தது இந்த வறண்ட காற்று. ஈரம் மருந்துக்கும் ஆகாது, ஜெலட்டினுக்கும் ஆகாது. நம்மைப் போன்றவர்கள் கழுவாமல் இருந்தால் போதும்!

தம்பி தங்கையரே, தட்டு கிடைத்தால் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். மங்கலான பக்கத்தைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். தனித்தனிக் காகித உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்து செல்போனில் படம் எடுத்து, நிறத்தைத் திருப்பினால் முகம் தெரியும்.

மிச்சமிருந்த ஆறையும் அப்படித்தான் எடுத்துப் பெரியம்மாவிடம் காட்டினேன். நாலு பேருக்குப் பெயர் சொன்னார். இரண்டு பேரை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பத்து வருஷம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஊருக்குப் போனதும் பரணைப் பாருங்கள். அதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.