எது விதி, எது விலக்கு? ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பன்மையும் உடைமையும்

நேரம் குறைவு, வழக்கோ பழையது. ஆகவே நேரே பொருளுக்கு வருகிறேன்.

வழக்கு என்னவென்று அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆங்கில உடைமையை நம் பாடநூல்கள் இப்படிக் கற்பிக்கின்றன: ஒருமைப் பெயரோடு அப்பாஸ்ட்ரபியும் எஸ்ஸும் சேர்க்க வேண்டும், பன்மையானால் எஸ்ஸுக்குப் பின் அப்பாஸ்ட்ரபி மட்டும் போதும், ‘மென்’, ‘விமன்’, ‘சில்ட்ரன்’ போன்றவை விலக்கு, மனப்பாடம் செய்துகொள்ளவும். என் கட்சி இதற்கு நேர் எதிர். பன்மையில் ‘சில்ட்ரன்’ விலக்குதான், அதில் சண்டை இல்லை. உடைமையில் அதுவே விதி, ‘கிங்ஸ்’தான் விலக்கு. ‘கிங்’ என்பதன் பன்மை, ஒருமை உடைமை, பன்மை உடைமை ஆகிய மூன்றும் எழுத்தில் வேறு, காதுக்கு ஒன்று. ‘மேன்’ அப்படியல்ல. மேன்ஸ், மென், மென்ஸ் என மூன்றும் தனித்தனியே கேட்கின்றன. பன்மை உயிரெழுத்தின் மாற்றத்தில் இருக்கிறது. உடைமை கடைசி எஸ்ஸில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதைக் காட்டிக்கொடுப்பது ஒழுங்கற்ற பெயர் மட்டுமே.

இதற்கு என் முதற்சான்று ‘வைஃப்’ என்னும் சொல். இதன் பன்மை ‘வைவ்ஸ்’. ஒருமை உடைமை ‘வைஃப்ஸ்’. பன்மை உடைமை மறுபடி ‘வைவ்ஸ்’. ஒரே எஸ் ஒட்டும்போது ஓரிடத்தில் ஃப் வ்-ஆக மாறுகிறது, இன்னோரிடத்தில் மாறவில்லை. ஏன்? பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஃப், வ் என ஒலித்தது. சொல் தனியே நின்றால் ஃப். ‘எஸ்’ என்ற அசை வந்து ஒட்டினால் வ். அக்காலத்தில் அந்த அசை இச்சொல்லுக்கு வந்தது உடைமைக்காகவே. ‘வீஃப்’ என நின்ற இச்சொல்லுக்கு எழுவாய்ப் பன்மையில் உருபே கிடையாது, எஸ் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. ஆக, வ் ஒலிக்கு மூத்த உரிமை உடைமைக்குத்தான். இன்று அந்த உரிமையை இழந்து நிற்பதும் உடைமையே. விடை சாசரின் கதைத் தலைப்பில் இருக்கிறது. 1400-இல் மறைந்த அக்கவிஞரின் பாத் நகரத்து மனைவியின் கதை, எல்ஸ்மியர் கையெழுத்துப்படியில் முடியுமிடத்தில் ‘வைவ்ஸ் டேல் ஆஃப் பாத்’ என்ற அமைப்பில் குறிக்கப்படுகிறது. உடைமை உருபு மனைவி என்ற சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது, எழுத்தும் வ்-தான். ஊர்ப்பெயர் தொலைவில் தனியே நிற்கிறது. இன்று நாம் சொல்வது ‘வைஃப் ஆஃப் பாத்ஸ் டேல்’. உருபு பெயரை விட்டு நகர்ந்து தொடரின் கடைசிக்குப் போய், ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டது. சொல்லுக்குள் இருந்த உருபு, சொல்லுக்கு வெளியே தொடரின் உருபானது. வெளியே நிற்கும் உருபுக்கு உள்ளே இருக்கும் ஃப்-ஐ மாற்றும் வலு இல்லை, ஆகவே ‘வைஃப்ஸ்’. பன்மை மட்டும் சொல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது, ஆகவே ‘வைவ்ஸ்’. ‘காஃப்’ என்னும் கன்றுக்கும் இதே கதை. ‘மதர்-இன்-லா’வைப் பாருங்கள்: பன்மை எஸ் ‘மதர்’ மேல், உடைமை எஸ் ‘லா’ மேல். இதற்கு மேலும் இரண்டையும் ஒரே எஸ் என்று எண்ணிக் கற்பிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் பன்மை உடைமையில் ‘கிங்ஸ்’ ஏன் இரண்டு எஸ் ஏற்பதில்லை? பன்மை எஸ்ஸின் மேல் இன்னோர் எஸ் ஏறினால் நாவு ஒன்றை விழுங்கிவிடுகிறது. விழுங்கியதன் அடையாளமாக எழுத்தில் போடும் அப்பாஸ்ட்ரபி 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாக நிலைபெற்றது. விதி ஒன்றே: எந்த வடிவமானாலும் உடைமைக்கு எஸ் சேர், பன்மை எஸ் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது ஒலிக்காது.

நண்பர்கள் எழுப்பும் மறுப்பு வலுவானதுதான். ஜீன் பெர்கோ 1958-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டறியாத ‘வக்’ என்ற கற்பனைப் பிராணிக்கும் குழந்தைகள் எஸ் சேர்த்துப் பன்மை ஆக்கினார்கள். உயிருள்ள விதி அது, ‘மென்’னும் ‘ஆக்ஸனும்’ பட்டுப்போன கிளைகள், அவற்றை வைத்து இலக்கணம் கட்டலாமா என்கிறார்கள். பட்டுப்போனது பன்மையாக்கும் முறை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மென்’னின் மேல் ஏறும் உடைமை எஸ் நேற்று வந்த சொல்லிலும் ஏறும் அதே எஸ்தான். இரண்டையும் ஒரே பட்டியலில் அடைத்ததுதான் பிழை. நம் மாணவர்க்கோ ‘குழந்தைகளின்’ என்று ‘கள்’ விகுதிக்குப் பின் வேற்றுமை உருபு வைப்பது பிறவிப் பழக்கம். ‘சில்ட்ரன்ஸ்’ அவர்களுக்குப் புதிதே அல்ல.

‘ஷீப்’ பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. ஒருமை, பன்மை இரண்டிலும் உடைமை ஒன்றே என்பதும் என் பக்கச் சாட்சிதான். ‘ஜேம்ஸ்’ முதலிய எஸ்ஸில் முடியும் பெயர்களில் எழுத்து வழக்கு இரண்டுபட்டிருக்கிறது. அதைத் தனியே ஆராய வேண்டும். ‘கிரைட்டீரியா’, ‘ஃபினாமினா’ போன்ற கிரேக்கப் பன்மைகளையும் யாராவது எடுத்துக்கொள்ளலாம். தேர்வுத்தாள்களில் மாணவர் செய்யும் பிழைகளைத் தொகுத்து, ஃப்-வ் மாற்றப் பெயர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால் ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய பொருள் கிடைக்கும்.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். அடுத்த திருத்தத்தில் உடைமைப் பாடத்தை ‘மென்’, ‘சில்ட்ரன்’ இரண்டிலிருந்து தொடங்குங்கள். ‘கிங்ஸ்’ அதற்குப் பின் வரட்டும்.