தாய் நிறுவனம் பிரியும்போது நம் பங்கு என்ன ஆகிறது?

(அண்ணாகிராமம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 ஜனவரி 6 அன்று ஐடிசி பங்கின் விலை ஏறத்தாழ 26 ரூபாய் குறைந்து தொடங்கியது. "நஷ்டமா சார், வித்துடலாமா?" என்று நம் மாடியிலேயே ஒருவர் கேட்டார். நஷ்டம் இல்லை. ஓட்டல் தொழில் தனியாகப் பிரிந்ததன் விளைவு அது. ஐடிசி பங்கு 10 வைத்திருந்தவருக்கு ஐடிசி ஹோட்டல்ஸ் பங்கு ஒன்று கிடைத்தது. அது இனாம் அல்ல. நம்முடைய சொத்துதான் இரண்டாகப் பிரிந்தது. புதிய நிறுவனத்தில் 60 சதவீதம் பங்குதாரர்களுக்கு, 40 சதவீதம் ஐடிசிக்கு. ஜனவரி 29 முதல் சந்தையில் அதன் வியாபாரம் தொடங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, ஓட்டு. வாக்களித்தவர்களின் பங்கு மதிப்பில் முக்கால் பங்கு ஆதரவு இருந்தால்தான் பிரிப்பு நிறைவேறும். தீர்ப்பாயத்தில் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 10 சதவீதப் பங்கு வேண்டும். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள குரல் அந்த ஓட்டு ஒன்றுதான். மின்னஞ்சலில் வரும் அறிவிப்பைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

இரண்டு, துண்டு. 105 பங்கு இருந்தால் புதியது 10 வரும். மீதி அரைப் பங்குக்கான பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வந்ததா என்று பாருங்கள்.

மூன்று, வரி. புதிய பங்கு கைக்கு வரும்போது வரி கிடையாது, விற்கும்போதுதான். அப்போது அதன் அடக்கவிலை பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். பழைய அடக்கவிலையில் 13.51 சதவீதம் ஓட்டல் பங்குக்கு என்று ஐடிசி அறிவித்தது. 100 பங்கை 20,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், ஓட்டல் பங்கு பத்தின் அடக்கம் 2,702 ரூபாய். ஐடிசியின் அடக்கம் 17,298. வைத்திருந்த காலமும் பழைய பங்கு வாங்கிய நாளிலிருந்தே கணக்கு.

நான்கு, காகிதப் பத்திரம். அப்பா காலத்துப் பத்திரம் பீரோவில் இருந்தால் டீமேட்டுக்கு மாற்றுங்கள். வாரிசுதாரர் பெயரையும் பதியுங்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மனு கொடுத்து மீட்கலாம், அலைச்சல் அதிகம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள்.