தொடக்க நிரலில் ஒரு வாயில்

திரையின்றி, விசைப்பலகையின்றி இயங்கும் சிறு கணிப்பொறிகள் இன்று நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பலகையிலும், வீட்டு இணையப் பெட்டியிலும், சட்டைப்பையில் உள்ள கைப்பேசியிலும் அத்தகைய கணிப்பொறி ஒன்று உண்டு. அதன் மென்பொருள் பழுதுற்று, விழித்தெழாமற் கிடந்தால் யாது செய்வது? பலகையைக் கழற்றி, நினைவகச் சில்லைப் பெயர்த்தெடுத்து எழுதுவது ஒரு வழி. ஒரு கம்பியை மாட்டி, வேறொரு கணிப்பொறியிலிருந்து புதிய மென்பொருளைப் புகட்டுவது மற்றொரு வழி. இரண்டாவது எளியது, ஆயினும் அது தானாகக் கிட்டுவதன்று. அதற்குரிய வாயிலைத் தொடக்க நிரலில் முன்கூட்டியே அமைத்திருத்தல் வேண்டும். அவ்வமைப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பூட்லோடர் எனப்படும் தொடக்க நிரல், கணிப்பொறி மின்சாரம் பெற்றதும் இயங்கி, நினைவகத்தைச் சீர்செய்து, பெரிய இயங்குதளத்தை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சிறு மென்பொருள். இவ்வகையில் பெரிதும் வழங்குவது யூ-பூட் என்பது. ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஃப்காங் டெங்க் வளர்த்த இந்நிரல், பி.பி.சி.பூட் என்னும் பழைய பெயரை விடுத்து, 2002ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையளிக்கும் கட்டற்ற மென்பொருள் இது.

கம்பியின் மறுமுனையில் நிற்பது யூ.எஸ்.பி. முறை. இதன் முதல் வரையறை 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் அம்முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

யூ.எஸ்.பி. முறையில் இரு தரப்பாரும் சமமானவர் அல்லர். ஹோஸ்ட் என்னும் தலைமைக் கருவி கேட்கும். பணிக் கருவி விடை சொல்லும். கேளாதவரை பணிக் கருவி எதையும் அனுப்புதல் இயலாது. நம் மேசைக் கணிப்பொறி தலைமைக் கருவி. அதில் செருகும் விரல்நினைவகமும் அச்சுப்பொறியும் பணிக் கருவிகள். சிறு பலகையிலுள்ள தொடக்க நிரல் ஒரு விரல்நினைவகத்தைப் படிக்க விரும்பினால் தலைமை வேடம் பூண வேண்டும். மேசைக் கணிப்பொறியிடமிருந்து மென்பொருளைப் பெற விரும்பினாலோ பணி வேடம் பூண வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு நிரற்பகுதிகள். ஒன்றை அமைத்துவிட்டு மற்றொன்றும் இயங்கும் என்று எதிர்பார்ப்பதே இத்துறையில் புதியோர் பலர் படும் இடர்ப்பாட்டுக்குக் காரணம்.

அறிமுகம் நிகழும் முறை இது. பணிக் கருவி தன் இரு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் தடை வழியே உயர்த்தித் தன் வருகையை அறிவிக்கிறது. தலைமைக் கருவி அதனை மீட்டமைத்து, சுழி என்னும் பொது முகவரியில் விளித்து, 'நீ யார்?' என வினவுகிறது. 18 பைட் நீளமுள்ள விவரக் குறிப்பொன்று விடையாக வருகிறது. பின்னர் 1 முதல் 127 வரையுள்ள முகவரிகளுள் ஒன்று அதற்கு அளிக்கப்படுகிறது. இறுதியில் அதன் பணி இன்னது என்பது உறுதிசெய்யப்படுகிறது.

இனி, அமைக்கும் முறையைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் இரு யூ.எஸ்.பி. துறைகள் உண்டு. இரண்டையும் இயக்குவது மஸ்பி என்னும் வகைக் கட்டுப்படுத்தி. முதலாவதாக, யூ-பூட்டின் அமைப்புப் பட்டியலில் பணிக் கருவி ஆதரவையும், அதனோடு மஸ்பியின் பணிக் கருவி இயக்கியையும் தெரிந்தெடுத்தல் வேண்டும். வேறு சில்லுகளில் வேறு கட்டுப்படுத்தி இருக்கும். அதற்குரிய இயக்கியையே தேர்தல் வேண்டும். இரண்டாவதாக, வன்பொருளை விவரிக்கும் கோப்பில், எந்தத் துறை எந்த வேடம் பூணும் என்பதை எழுத வேண்டும். இப்பலகையில் சிறிய துறை பணி வேடத்துக்கும், பெரிய துறை தலைமை வேடத்துக்கும் உரியவை. மூன்றாவதாக, அடையாள எண்கள். தயாரிப்பாளரைக் குறிப்பது ஓரெண். பொருளைக் குறிப்பது மற்றோர் எண். தலைமைக் கணிப்பொறி இவற்றைக் கொண்டே தகுந்த இயக்கியைத் தேடுகிறது. தயாரிப்பாளர் எண்கள் யூ.எஸ்.பி. செயற்படுத்துவோர் மன்றத்தால் வழங்கப்படுபவை. பிறர் எண்ணை விருப்பம்போல் எடுத்தாளுதல் முறையன்று.

நான்காவது, எந்தப் பணி என்பது. மூன்று பணிகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, பலகையின் சேமிப்பகம் முழுவதையும் விரல்நினைவகம் போலக் காட்டுவது. இதற்குத் தலைமைக் கணிப்பொறியில் தனி மென்பொருள் வேண்டியதில்லை. மற்றொன்று டி.எஃப்.யூ. எனப்படும் மென்பொருள் மேம்பாட்டு முறை. எந்தப் பகுதியில் எழுதலாம் என்பதைப் பெயரிட்டு வரையறுத்து, அப்பகுதிகளை மட்டுமே இது வெளிக்காட்டும். மூன்றாவது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளால் பரவிய ஃபாஸ்ட்பூட். இதில் வரும் மென்பொருள் முதலில் தற்காலிக நினைவகத்தில் தங்கி, பின்னரே சேமிப்பகத்தில் எழுதப்படும். ஆகவே அதற்கென ஒதுக்கும் இடம் யூ-பூட் குடியிருக்கும் இடத்தின்மேல் விழாதவாறு பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

தொடக்க நிரல் இரு படிகளாக அமைவதும் உண்டு. சில்லின் உள்நினைவகம் மிகச் சிறியதாதலால், எஸ்.பி.எல். என்னும் குறுநிரல் முதலில் ஏறி, வெளிநினைவகத்தை இயக்கி, அதன்பின் முழு நிரலை அழைக்கும். பீகிள்போனின் சேமிப்பகம் அடியோடு வெறுமையாக இருந்தாலும், நினைவட்டையை நீக்கிவிட்டு, அதற்கென உள்ள பொத்தானை அழுத்தியவாறு மின்சாரம் தந்தால், சில்லினுள் அழியாது பொறிக்கப்பட்ட நிரல் யூ.எஸ்.பி. வழியே வலையமைப்புக் கருவியாகத் தோன்றி, குறுநிரலை வேண்டிப் பெறும். குறுநிரல் எழுந்தவுடன் பழைய இணைப்பு அறுந்துபோகும். பலகை புதிய கருவியாக மறுபடி அறிமுகமாகும். குறுநிரலிலும் பணிக் கருவி ஆதரவு தனியாக அமைக்கப்படாவிடில் பயணம் பாதியில் நின்றுவிடும். முழு நிரலில் அமைத்தது குறுநிரலுக்கு வாராது. இரண்டுக்கும் தனித்தனி விருப்பங்கள் உள்ளன. குறுநிரலுக்குக் கிடைக்கும் இடமோ ஏறத்தாழ நூறு கிலோபைட்டே. எனவே வேண்டாதவற்றை நீக்கினாலன்றி வேண்டியதற்கு இடம் இராது.

இயங்காதபோது காரணம் காண்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தலைமைக் கணிப்பொறி எதையுமே காணவில்லையெனில், மின்னேற்றத்துக்கு மட்டும் உதவும், தரவுக் கம்பி இல்லாத இணைப்புக் கம்பியா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வேடமும், கட்டுப்படுத்திக்குரிய கடிகாரத் துடிப்பும் சரியா என ஆராய வேண்டும். வருகை தெரிந்து, விவரக் குறிப்பு வாராதெனில், இயக்கி விடையளிக்கவில்லை என்பது பொருள். யூ-பூட்டில் இயக்கி தானாக விழித்தெழுவதில்லை. கட்டளை ஒன்று ஓடிக்கொண்டிருந்து அதனைத் திரும்பத் திரும்ப நோக்கினால்தான் விடை போகும். எல்லாம் தெரிந்தும் கருவிநிரல் காணவில்லையெனில், அடையாள எண்ணிலோ, பயனருக்குரிய அனுமதியிலோ குறை இருக்கும்.

நேயர்களே, இதுவரை வாயிலைத் திறக்கும் முறையைச் சொன்னேன். அதனைக் காக்கும் கடமை அதனினும் பெரிது. பழுது நீக்குவோர் நுழையும் வாயிலிலேயே பகைவரும் நுழையலாம். சேமிப்பகத்தை விரல்நினைவகமாகக் காட்டும் பலகையில், கம்பியோடு வந்த எவரும் உள்ளதனைத்தையும் படிக்கலாம், அழிக்கலாம். அன்றியும், வாயிற்காப்போனாகிய நிரலிலேயே பிழை இருத்தலும் கூடும். யூ-பூட்டின் டி.எஃப்.யூ. பகுதியில், எதிர்த்தரப்பு சொல்லும் நீளத்தைச் சரிபாராமல் ஏற்றுக்கொள்ளும் குறை 2012ஆம் ஆண்டு முதலே இருந்துவந்தது. 4,096 பைட் கொள்ளும் இடத்தில், அதனினும் பன்மடங்கு தரவைக் கொட்ட அது வழிவிட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2022இல் அது வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. 2019இல் ஆப்பிள் கைப்பேசிகளின் தொடக்க நிரலில், யூ.எஸ்.பி. பகுதியில் கண்ட 'செக்மேட்' என்னும் குறையோ இதனினும் கொடியது. அந்நிரல் சில்லிலேயே பொறிக்கப்பட்டிருந்தமையால், விற்றுப்போன கருவிகளில் அதனைத் திருத்த வழியே இல்லாமற்போயிற்று.

அப்படியாயின் வாயிலை அடைத்துவிடலாமே என்பீர்கள். சில தயாரிப்பாளர்கள் அவ்வாறே செய்கின்றனர். ஆனால், ஒரு மேம்பாடு இடையில் முறிந்தால் அக்கருவி குப்பைக்குப் போவதன்றி வேறு கதியில்லை. பொருளின் உடையவருக்கு அதனைப் பழுதுபார்க்கும் உரிமையும் அத்துடன் போகிறது. ஆகவே அடைப்பதும் தீர்வன்று. காவலின்றித் திறந்து வைப்பதும் தீர்வன்று. பொத்தானை அழுத்தினாலன்றி வாயில் திறவாதிருக்கட்டும். முழுச் சேமிப்பகத்தைக் காட்டாமல், வேண்டிய பகுதிகளை மட்டும் பெயரிட்டுக் காட்டட்டும். வரும் மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே அது இயங்கட்டும். பயன்படாத பணிகள் பட்டியலிலிருந்து நீங்கட்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பூட்டைத் திறக்கும்போது உரியவரின் தரவு அழிக்கப்படுவதும் இக்கருத்தினாலேயே: கருவி கைமாறினாலும் இரகசியம் கைமாறக் கூடாது.

அமைப்புப் பட்டியலில் இடும் ஒவ்வொரு குறியும் சிறியதே. ஆயினும், பின்னாளில் ஒரு பலகை பிழைக்குமா, யார் கையில் பிழைக்கும் என்பன அந்தச் சிறு குறிகளால் முடிவாகின்றன. அதனை உணர்ந்து இடுவதே பொறியாளருக்கு அழகு.