தோற்கருவி அடைந்த தலைமை
(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘தபலா மேதை ஜாகிர் உசேன்’ என்பதாகும். மும்பையில் பிறந்து அமெரிக்காவில் மறைந்த ஓர் இந்துஸ்தானி இசைக் கலைஞருக்கும் நம் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தோல்தான் அத்தொடர்பு. தபலாவின் முகம் ஆட்டுத் தோலால் ஆனது. மிருதங்கம், தவில், பறை ஆகிய எதுவும் தோலின்றிப் பிறப்பதில்லை. தமிழகத்தில் அத்தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டி, நாதம் கூட்டித் தந்த கைகளுள் நம் முன்னோர் கைகள் பல. ஆயினும் அத்தொழிலைக் காரணம் காட்டியே நம்மை ஊருக்குப் புறத்தே நிறுத்தினர்; சாவு வீட்டில் பறை அடித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினர்.

எனவே, “தோலைத் தொட்டதால்தானே இழிவு வந்தது? அதை அறவே துறந்துவிடுவதே தன்மானம் அன்றோ?” என்று நம் இளைஞர் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண இக்கலைஞரின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

முதலில் தந்தையிலிருந்து தொடங்குவோம். உஸ்தாத் அல்லா ரக்கா 1919ஆம் ஆண்டு ஜம்முப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இளம் வயதிலேயே தபலாவின்மீது தணியாத வேட்கை கொண்டு வீட்டைவிட்டு வெளியேறி, பஞ்சாப் மரபின் ஆசான் மியான் காதிர் பக்ஷிடம் பாடம் கேட்டார். அக்காலத்தில் தபலா வாசிப்பவருக்கு மேடையில் உரிய மதிப்பு இல்லை. பாடகரும் சிதார் கலைஞரும் முதல்வர். தபலாக்காரர் அவர்களைப் பின்தொடர்பவர் என்பதே வழக்கம். கச்சேரி விளம்பரத்திலும் இசைத்தட்டின் உறையிலும் அவர் பெயர் இடம்பெறாமல் போவதும் உண்டு. பண்டிதர் ரவிசங்கருடன் உலகெங்கும் சென்று, அந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் அல்லா ரக்கா முதன்மையானவர்.

அவருடைய மைந்தராக ஜாகிர் உசேன் 1951ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பிறந்த குழந்தையின் காதில் பிரார்த்தனை ஓதவேண்டிய தந்தை, தபலாவின் சொற்கட்டுகளையே ஓதினார் என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். தாளமே தம்முடைய பிரார்த்தனை என்பது தந்தையின் கொள்கை.

அவர் பெற்ற பயிற்சியை மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். ஏழு வயது முதல் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் தந்தை அவரை எழுப்பி அமர்த்துவார். சில மணி நேரம் தாளப் பாடம் நடைபெறும். அதன்பின் மதரஸாவில் ஓதுதல். அதன்பின் மாகிம் பகுதியிலுள்ள புனித மைக்கேல் பள்ளிக்குச் செல்லுதல். இசை வந்துவிட்டது என்பதற்காக ஏட்டுக் கல்வியை அவர் கைவிடவில்லை. புனித சவேரியார் கல்லூரியிலும் பயின்றார். பிற்காலத்தில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியராக நின்று தம் கலையை விளக்க அக்கல்வியே அவருக்குக் கைகொடுத்தது.

சிறு வயதிலேயே அவர் கச்சேரிக்காக ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினார். நெரிசல் மிகுந்த புகைவண்டிப் பெட்டியில் இடம் கிடைக்காதபோது தரையில் செய்தித்தாளை விரித்துப் படுத்து, பிறர் கால் படாதபடி தபலாவைத் தம் மடியில் அணைத்துக்கொண்டு உறங்கியதாக அவர் நினைவுகூர்ந்துள்ளார். தோலாலான கருவிக்கு அவர் அளித்த மரியாதை அது. கருவியைத் தாழ்வாக எண்ணியவர் எவரும் கலையில் உயர்ந்ததில்லை.

1970ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்று ரவிசங்கருக்குத் தபலா வாசித்தார். பின்னர்க் கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் நிறுவிய இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் கலைஞர் எல். சங்கர் ஆகியோருடன் சேர்ந்து ‘சக்தி’ என்னும் இசைக் குழுவை அமைத்தார். நம் தமிழகத்துக் கடம் வித்துவான் விக்கு விநாயகராம் அக்குழுவில் இடம்பெற்றார். வடநாட்டுத் தபலாவும் தென்னாட்டுக் கடமும் ஒரே மேடையில் சரிநிகராக அமர்ந்து உரையாடின. அங்கே பின்வரிசை என்று ஒன்று இல்லை.

1991ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிளானெட் டிரம்’ என்னும் இசைத்தொகுப்பு, பல நாட்டுத் தாளக் கலைஞர்கள் கூடி உருவாக்கியது. உலக இசைக்கென அமைக்கப்பட்ட கிராமி விருது முதன்முதலாக அதற்கே 1992இல் கிட்டியது. ஜாகிர் உசேனும் விக்கு விநாயகராமும் அதில் பங்குபெற்றவர்கள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரே நாளில் மூன்று கிராமி விருதுகளை ஜாகிர் உசேன் பெற்றார். நம் அரசு அவருக்கு 1988இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண், 2023இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை வழங்கிச் சிறப்பித்தது. 2022இல் ஜப்பான் நாட்டின் கியோட்டோ பரிசும் அவரை நாடி வந்தது.

அவர் வாசிப்பவர் மட்டுமல்லர், இசையமைப்பாளரும் ஆவார். ஷாஜி என். கருண் இயக்கத்தில் 1999இல் வெளிவந்த ‘வானப்பிரஸ்தம்’ என்னும் மலையாளத் திரைப்படத்துக்கு இசையமைத்தவர் அவரே. தாழ்த்தப்பட்ட நிலையில் பிறந்த கதகளிக் கலைஞன் ஒருவன், மேடையில் வேடமணிந்தால் போற்றப்படுகிறான். வேடம் களைந்தால் புறக்கணிக்கப்படுகிறான். இதுவே அப்படத்தின் உட்பொருள். நம் மக்கள் அனைவரும் காண வேண்டிய படம் அது.

2015ஆம் ஆண்டு மும்பையில் ‘பேஷ்கார்’ என்னும் அவருடைய படைப்பு அரங்கேறியது. மேனாட்டு முறையில் அமைந்த முழு இசைக்குழுவும் துணை இசைக்க, அதன் முன்னே தபலா தலைமைக் கருவியாக அமர்ந்தது. தந்தையார் காலத்தில் பின்னே இருந்த தோற்கருவி, மைந்தர் காலத்தில் முன்னே வந்துவிட்டது! 2024ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் நுரையீரல் நோயால் அவர் காலமானபோது உலகமே துயருற்றது.

இளைஞர்களே! இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். தோலில் இழிவு இருந்திருக்குமாயின் அத்தோலைத் தொட்ட விரல்களுக்கு இத்தனை பெருமை வந்திருக்குமா? இழிவு தோலில் இல்லை. கூலியின்றி அடி என்று ஆணையிட்ட அதிகாரத்திலும், அதற்குப் பணிந்தே தீரவேண்டியிருந்த நம் கல்வியின்மையிலும் இருந்தது அது. கட்டாயத்தை மறுத்த நம் பெரியோர் செய்தது முற்றிலும் சரி. அம்மறுப்பில் நாம் இம்மியும் பின்வாங்கலாகாது. ஆனால், கட்டாயத்தை எறியும்போது கலையையும் சேர்த்து எறிந்துவிட்டால் இழப்பு நமக்கே.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. வாசித்தவர் பெயரை உலகம் அறியும். செய்தவர் பெயரை யார் அறிவார்? பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தைப் புகழாதார் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து என்னும் தஞ்சைக் கைவினைஞரைப் பொதுமக்களில் பலர் 2020இல்தான் அறிந்தனர். மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய ஆங்கில நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. எந்த அளவில் தோலைச் சீவினால் எந்தச் சுருதி பிறக்கும் என்பதை அறிந்த அறிவும் அறிவே. அது ஏட்டில் ஏறாததால் மதிப்பில் ஏறவில்லை.

ஆகவே நம் சங்கத்தின்முன் இரண்டு பணிகளை வைக்கிறோம். தாள உணர்வு மிக்க நம் பிள்ளைகளைக் கண்டறிந்து மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும். அங்கு மிருதங்கமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. சாதியைக் கேட்டு வாயிலை அடைக்கும் குருகுலம் அன்று அது. அரசின் பள்ளி, நம் உரிமை. ஆனால், பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு எவரும் அங்குச் செல்லலாகாது. ஜாகிர் உசேன் இரண்டையும் ஒருங்கே கற்றார் என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாவது பணி, இங்குள்ள இளைஞர் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது. உங்கள் ஊரில் பறையோ தவிலோ மிருதங்கமோ செய்த முதியவர் எவரேனும் உளரா என்று விசாரியுங்கள். அவர் பெயரையும், அவர் யாரிடம் தொழில் கற்றார், தோலை எவ்வாறு பதப்படுத்தினார் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். நம் சங்கம் அடுத்து வெளியிடும் மலரில் அப்பெயர்கள் முதற் பக்கங்களில் அச்சேற வேண்டும்.